சிவப்பு நொய்க்கூழ்: வட ஜெர்மனியின் ‘ரோட்டெ க்ரூட்ஸெ’ வீட்டில் செய்யும் முறை

‘க்ரூட்ஸெ’ என்ற ஜெர்மன் சொல்லுக்குத் தமிழில் விளக்கம் தேடி அலைய வேண்டியதில்லை. நொய். உடைத்த தானியத்துக்கும் அதைக் காய்ச்சிய கூழுக்கும் அங்கே ஒரே பெயர்தான். ‘ரோட்டெ’ என்றால் சிவப்பு. கோடை வந்ததும் ஜெர்மனியின் வடக்கில் கண்ணாடிக் கிண்ணங்களில் மின்னும் அந்தப் பெர்ரிப் பண்டத்தின் பெயர் வெறும் ‘சிவப்பு நொய்க்கூழ்’. பெயரில் இருக்கும் எளிமை பண்டத்திலும் இருந்தது. ஓட்ஸ், வாற்கோதுமை, பக்வீட் என்று கையில் கிடைத்த நொய்யைப் பெர்ரிச் சாற்றில் காய்ச்சி, ஆறவைத்து, மேலே குளிர்ந்த பாலை ஊற்றிச் சாப்பிட்டார்கள். பிறகு நொய்யின் இடத்துக்கு ரவை வந்தது, ஜவ்வரிசி வந்தது, கடைசியில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சும் கார்ன்ஃப்ளோரும் வந்து உட்கார்ந்துகொண்டன. நொய் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. படத்தைப் பார்த்துச் செய்ய இறங்குகிறவர்கள் இதை ஜெல்லி என்று நினைத்து இறுக வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் ஜாம் என்று நினைத்துப் பழத்தைக் கொதிக்கக் கொதிக்கக் குழைத்துவிடுவார்கள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். கீல் நகரில் என் முதல் கோடையில், கண்ணளவாகக் கொட்டிய கார்ன்ஃப்ளோரின் புண்ணியத்தில், கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் அசையாத ஒரு சிவப்பு அல்வா கிடைத்தது. கூழ் என்று மனதில் வைத்துக்கொண்டால் கை தானாகச் சரியாக வேலை செய்யும். கரண்டியில் அள்ளினால் சற்றுத் தயங்கி, பிறகு நழுவி விழ வேண்டும். கெட்டிப்பட வேண்டியது சாறு. பழம் அதற்குள் உருக்குலையாமல் கிடக்க வேண்டும்.

உச்சரிப்பு ஒரு சின்னத் தொல்லை. ‘க்ரூட்ஸெ’யில் வரும் உயிரொலி தமிழில் இல்லை, நாக்கை ‘இ’ சொல்வதுபோல் வைத்து, உதட்டை மட்டும் ‘உ’வுக்குக் குவித்தால் வரும். எல்லையைத் தாண்டி டென்மார்க் போனால் தொல்லை பெரிதாகும். இதே கூழை அவர்கள் கிரீம் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். ‘கிரீமுடன் சிவப்புக் கூழ்’ என்று பொருள்படும் அந்த மூன்று டேனிஷ் சொற்களைச் சொல்லச் சொல்லித்தான் வெளிநாட்டாரைச் சீண்டிப் பார்ப்பார்கள். தமிழ் எழுத்தில் அதை எழுத எனக்குத் துணிவில்லை.

எந்தப் பழம், ஏன்

இந்தக் கூழின் உயிர் ரெட்கரன்ட். முத்துப்போல் சின்னதாக, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், கொத்தாகத் தொங்கும் சிவப்புப் பழம். ஜெர்மனில் ‘யோஹானிஸ்பேரெ’, அதாவது யோவான் பெர்ரி. திருமுழுக்கு யோவானின் பிறந்த நாளான ஜூன் 24-ஐ ஒட்டிப் பழுக்கத் தொடங்குவதால் அந்தப் பெயர். அப்படியே வாயில் போட்டால் முகம் சுளிக்கும் அளவுக்குப் புளிக்கும். அந்தப் புளிப்புதான் நமக்கு வேண்டும். சாற்றைத் தானாகவே இறுக்கும் பெக்டினும் இதில் நிறைய இருக்கிறது.

ஜெர்மன் நகரங்களின் ஓரத்தில் ‘ஷ்ரேபர்கார்ட்டன்’ என்று வாடகைக்கு விடும் சின்னச் சின்னத் தோட்ட மனைகள் உண்டு. மனையில் மூன்றில் ஒரு பங்காவது காய்கனி விளைய வேண்டும் என்பது அங்கே விதி. அதிகம் பாடுபடாமல் அந்த விதியை நிறைவேற்ற எளிய வழி நான்கு ரெட்கரன்ட் செடிகளை நட்டுவிடுவது. ஜூலையில் எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்கும். அப்போது வாளியோடு தெரிந்தவர்களைத் தேடி வருவார்கள். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. கூழ் காய்ச்சக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ரெட்கரன்ட்டுக்கு அடுத்தது புளிப்புச் செர்ரி. கடையில் பளபளவென்று விற்கும் இனிப்புச் செர்ரியைப் போட்டால் கூழ் சப்பென்று போய்விடும். ஜெர்மன் சமையலறைகளில் ‘ஷாட்டன்மொரெல்லெ’ என்ற புளிப்புச் செர்ரி ஆண்டு முழுதும் கண்ணாடிப் புட்டியில் கிடைக்கும், 720 மி.லி. புட்டியில் வடித்த பழம் 350 கிராம் இருக்கும், மீதி சாறு. கொட்டை நீக்கியே வரும் என்பதால் புதுப் பழம் கிடைக்கும் மாதத்திலும் பாதிப் பேர் புட்டியைத்தான் திறக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

வாசனைக்கு ராஸ்பெர்ரி. ஸ்ட்ராபெர்ரி கொஞ்சம் போதும்; சூடு பட்டால் நிறம் வெளுத்துத் துவண்டுவிடும் பழம் அது. பிளாக்பெர்ரி, பிளாக்கரன்ட் இருந்தால் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். ப்ளூபெர்ரியை நான் சேர்ப்பதில்லை. அது உள்ளே போனால் கூழ் ஊதாவாகிவிடும். பெயரிலேயே சிவப்பு இருக்கிறதே.

அளவுகள் (ஆறு பேருக்கு)

ரெட்கரன்ட் 300 கிராம், காம்பு நீக்கியது
புளிப்புச் செர்ரி 300 கிராம், கொட்டை நீக்கியது
ராஸ்பெர்ரி 250 கிராம்
ஸ்ட்ராபெர்ரி 150 கிராம்
புளிப்புச் செர்ரிச் சாறு 300 மி.லி.
சர்க்கரை 100 கிராம்
கார்ன்ஃப்ளோர் 40 கிராம்
வெனிலாக் காய் பாதி, எலுமிச்சைத் தோல் ஒரு துண்டு, சுண்டுவிரல் நீளத்துக்குப் பட்டை, ஒரு சிட்டிகை உப்பு

கார்ன்ஃப்ளோர் என்றால் வெள்ளையாக, விரலில் எடுத்தால் கிறீச்சிடும் அந்த மாவு. மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவைப் போட்டுவிடாதீர்கள். எலுமிச்சைத் தோலில் மஞ்சள் பகுதி மட்டும் போதும், அடியிலுள்ள வெள்ளை கசக்கும்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது எனாமல். அலுமினியம் வேண்டாம், இத்தனை புளிப்பு அதோடு வினை புரிந்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். புளிக்குழம்புக்கு நம் வீடுகளில் பார்த்துப் பாத்திரம் எடுப்பதுபோலத்தான்.

முதல் வேலை: பழத்தைத் தயார் செய்வது

நேரம் பிடிக்கும் பகுதி இதுதான். அடுப்பு வேலை பத்து நிமிடம், பழ வேலை முக்கால் மணி நேரம்.

ரெட்கரன்ட்டைக் கொத்தோடு அலசுங்கள். பிறகு கொத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு, முள்கரண்டியின் பற்களுக்கிடையே காம்பை விட்டு மேலிருந்து கீழே இழுத்தால் பழங்கள் பொலபொலவென்று கிண்ணத்தில் உதிரும். விரலால் ஒவ்வொன்றாகக் கிள்ளினால் விடிந்துவிடும். பச்சைக் காம்புத் துணுக்குகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

புதுச் செர்ரி என்றால் கொட்டை நீக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் காலி பாட்டிலின் வாயில் பழத்தை வைத்து, ஒரு குச்சியால் மேலிருந்து குத்தினால் கொட்டை பாட்டிலுக்குள் விழும். வெள்ளைச் சட்டையோடு இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ராஸ்பெர்ரியைக் குழாயடியில் காட்டக் கூடாது, உடைந்துபோகும். ஒரு பாத்திரத் தண்ணீரில் சட்டென்று முக்கி எடுத்துத் துணியில் பரப்பிவிடுங்கள். ஸ்ட்ராபெர்ரியை முதலில் கழுவி, பிறகு காம்பைக் கிள்ளுங்கள். வரிசை மாறினால் காம்பிருந்த குழியில் தண்ணீர் இறங்கிவிடும்.

அடுப்பில்

ஒன்று. செர்ரிச் சாற்றில் 100 மி.லி.யை எடுத்துத் தனியே வையுங்கள். மீதி 200 மி.லி.யைப் பாத்திரத்தில் ஊற்றி, சர்க்கரை, உப்பு, பட்டை, எலுமிச்சைத் தோல் சேருங்கள். வெனிலாக் காயைக் கீறி விதையைச் சுரண்டிப் போட்டு, தோலையும் உள்ளே போடுங்கள்.

இரண்டு. செர்ரி முழுவதையும், ரெட்கரன்ட்டில் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்து மிதமான சூட்டில் கொதிக்க விடுங்கள். இந்த ஒரு பங்கு ரெட்கரன்ட் பலிகடா. வெடித்து, கரைந்து, தன் புளிப்பையும் பெக்டினையும் சாற்றுக்குக் கொடுத்துவிடும். ஐந்து நிமிடம் போதும். புட்டிச் செர்ரி என்றால் அதை இப்போது போடாமல் கடைசியில் சேருங்கள், ஏற்கெனவே வெந்ததுதானே.

மூன்று. தனியே வைத்த சாறு குளிர்ந்திருக்க வேண்டும். அதில் கார்ன்ஃப்ளோரைக் கட்டியில்லாமல் கரையுங்கள். சூடான சாற்றில் மாவை நேரே தூவினால் ஒவ்வொரு உருண்டையும் வெளியே வெந்து, உள்ளே பச்சை மாவாகவே நின்றுவிடும். கரைத்ததை ஊற்றும் நொடிக்கு முன் மறுபடி ஒருமுறை கலக்குங்கள். ஸ்டார்ச் அடியில் போய் உறைந்திருக்கும். ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே, மறு கையால் கிளறுங்கள்.

நான்கு. குமிழி வெடிக்க ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பச்சை மாவு வாடை போகாது. அதற்கு மேல் வெகுநேரம் விட்டாலும் ஆபத்து. புளிப்பும் சூடும் சேர்ந்தால் ஸ்டார்ச்சின் நீண்ட இழைகள் உடைந்து, கெட்டிப்பட்ட கூழ் மீண்டும் நீர்த்துவிடும். “இன்னும் கொஞ்சம் கொதித்தால் இறுகும்” என்று நினைத்துக் காத்திருந்து ஏமாந்தவர்கள் பலர். இந்தக் கட்டத்தில் சாறு தோசை மாவைவிடக் கெட்டியாக, உங்களுக்கு வேண்டிய பதத்துக்கு ஒரு படி அதிகமாகவே தெரிய வேண்டும். மீதிப் பழங்கள் தங்கள் சாற்றை விட்டு அதை இளக்கும்.

ஐந்து. மிச்ச ரெட்கரன்ட்டைப் போட்டு அரை நிமிடம். அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகே ராஸ்பெர்ரியும் நறுக்கிய ஸ்ட்ராபெர்ரியும். இவற்றுக்குக் கொதி வேண்டாம், பாத்திரத்தின் சூடே போதும். ரப்பர் கரண்டியால் அடியிலிருந்து இரண்டு மூன்று முறை புரட்டினால் முடிந்தது. பட்டையையும் எலுமிச்சைத் தோலையும் வெனிலாத் தோலையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

ஆறு. ருசி பாருங்கள். சூட்டில் தெரியும் இனிப்பு ஆறிய பின் அடங்கிவிடும். அதனால் இப்போது ஒரு கடுகளவு அதிகமாக இனித்தால் சரியாக இருக்கும். அதற்காகச் சர்க்கரையை அள்ளிக் கொட்டாதீர்கள். மேலே ஊற்றப்போகும் வெனிலாச் சாஸ் இனிப்பு. கூழும் இனித்தால் இரண்டுக்கும் பேச ஒன்றும் இருக்காது.

ஏழு. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மேற்பரப்பில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைத் தூவுங்கள். ஏடு கட்டாமல் இருக்க அங்கே செய்யும் பழைய உபாயம் இது. ஆறியதும் குளிர்பெட்டியில் குறைந்தது நான்கு மணி நேரம். முதல் நாள் இரவே செய்துவிடுவது உத்தமம்.

எந்த ஸ்டார்ச்

கார்ன்ஃப்ளோரில் செய்த கூழ் சற்று மங்கலாக, ஆறியதும் நன்றாக நிற்கும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் கண்ணாடிபோல் தெளிவாகவும் பளபளப்பாகவும் வரும். நிறத்துக்காகப் பார்த்தால் அதுவே மேல். ஆனால் இழுக்கும் தன்மை அதிகம், 35 கிராம் போதும். அதிகம் கொதிக்கவோ கிளறவோ கூடாது. கொதி வந்தவுடன் இறக்கிவிட வேண்டும்.

ஜவ்வரிசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய ஜெர்மன் சமையல் குறிப்புகளில் ரோட்டெ க்ரூட்ஸெக்கு ‘ஸாகோ’ கேட்பார்கள். உண்மையான ஸாகோ தென்கிழக்காசியாவின் ஸாகோ பனை மரத்தின் உள்தண்டிலிருந்து வருவது. ஜெர்மனியில் அதை உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சை உருட்டிச் செய்துகொண்டார்கள். சேலத்தில் நாம் மரவள்ளிக் கிழங்கு ஸ்டார்ச்சை உருட்டிச் செய்துகொண்டோம். ஒரே பண்டத்தின் இரண்டு மாற்றாள்கள். அதனால் பெர்லினிலோ டார்ட்மண்டிலோ இருக்கும் தமிழ்க் கடையில் வாங்கிய ஜவ்வரிசியைத் தயங்காமல் இதில் போடலாம். தொடக்ககால நொய்க்கூழின் குருணைத்தன்மைக்கு மிக அருகில் வருவதும் இதுதான்.

சிறு ஜவ்வரிசி 60 கிராம் எடுத்து அரைமணி ஊறவைத்து வடியுங்கள். சாற்றை 500 மி.லி. ஆக்கிக்கொண்டு, சர்க்கரை சேர்க்காமல் முதலில் ஜவ்வரிசியை மட்டும் வேகவிடுங்கள். பாயசத்தில் செய்வதுபோலவே நடுவிலுள்ள வெள்ளைப் புள்ளி மறையும்வரை, பதினைந்து இருபது நிமிடம். சர்க்கரை முதலிலேயே போனால் அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு ஜவ்வரிசியை வேகவிடாது. வெந்த பிறகு சர்க்கரை, செர்ரி, பிறகு மேலே சொன்ன வரிசை. அடிபிடிக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

ரவையிலும் செய்யலாம். மங்கலாக இருக்கும், எனக்கு ஒரு முறை போதும் என்றிருந்தது.

மேலே ஊற்றுவது

மிக எளிய வழி, குளிர்ந்த பால் அல்லது அடிக்காத நீர்த்த கிரீம். சிவப்பில் வெள்ளை வளையமாகப் பரவும்; வடக்கத்தியர்களில் பலருக்கு அதுதான் சரி. வெனிலாச் சாஸ் வேண்டுமென்றால் கொஞ்சம் கவனம் தேவை.

அரை லிட்டர் பாலில் மீதிப் பாதி வெனிலாக் காயைப் போட்டுக் கொதி வரும்வரை சூடாக்கி இறக்குங்கள். நான்கு முட்டை மஞ்சள் கருவை 45 கிராம் சர்க்கரையோடு வெளுக்க அடித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றிக் கலக்குங்கள். மறுபடி பாத்திரத்துக்கு மாற்றி, சிறு தீயில், அடி தொடும்படி கிளறிக்கொண்டே இருங்கள். வெப்பமானி இருந்தால் 80 முதல் 82 டிகிரி செல்சியஸ். கொதித்தால் முட்டை திரிந்துவிடும். வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஜெர்மன் சமையல்காரர்களின் சோதனை ஒன்று உண்டு: மரக்கரண்டியை முக்கி எடுத்து, அதன் முதுகில் படிந்த சாஸின் மேல் மெல்ல ஊதுங்கள். அலைகள் ரோஜா இதழ்போல் மடிந்து நின்றால் பதம் வந்துவிட்டது. இதற்குப் பெயரே ‘ரோஜாவாக இறக்குவது’. உடனே வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் பாத்திரத்தை வையுங்கள்.

முட்டை சேர்க்காதவர்கள் அதே பாலில் 15 கிராம் கார்ன்ஃப்ளோரைக் கரைத்துக் காய்ச்சலாம். அப்படிக் காய்ச்சினால் ஓர் எச்சரிக்கை: வாயில் வைத்து ருசி பார்த்த கரண்டியை மறுபடி சாஸில் விடாதீர்கள். எச்சிலிலுள்ள அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை அறுத்துவிடும். காலையில் பார்த்தால் சாஸ் தண்ணீராகக் கிடக்கும். எச்சில் கரண்டியைப் பாத்திரத்தில் விட்டால் திட்டு விழும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

குளிர்காலத்தில், உறைபழத்தில்

டிசம்பரில் ஆசை வந்தால் புட்டிச் செர்ரியும் உறைந்த பெர்ரிக் கலவையும் கைகொடுக்கும். வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ப்ளூபெர்ரி முதலில் எழுதியிருந்தால் வேறு பொட்டலம் பாருங்கள். உறைபழம் இளகும்போது நிறையத் தண்ணீர் விடும். ஆகவே சாற்றை 200 மி.லி. ஆகக் குறையுங்கள், அதில் 80 மி.லி.யை மாவு கரைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான மாற்றம் வேறொன்று. உறைபழத்தைக் கடைசியில் பச்சையாகப் புரட்டிப் போடக் கூடாது, முழுதாகக் கொதிக்க வைக்க வேண்டும். 2012 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் கிழக்கு மாநிலங்களில் சீனாவிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ராபெர்ரி மூலம் நோரோ வைரஸ் பரவி, ஏறக்குறைய 11,000 பேர், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள், வாந்தி வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். உறையவைப்பது அந்த வைரஸைக் கொல்வதில்லை, கொதி கொல்லும். பழத்தின் உருவம் கொஞ்சம் போகும், போகட்டும்.

வேறு நிறங்கள்

கூஸ்பெர்ரியில் செய்தால் பச்சைக் கூழ். கூஸ்பெர்ரி என்றதும் நம் நெல்லிக்காயை நினைக்க வேண்டாம், இது மெல்லிய தோலும் சாறும் உள்ள வேறு பழம். வசந்தத்தில் பெர்ரி வருவதற்கு முன் ருபார்ப் தண்டையும் முதல் ஸ்ட்ராபெர்ரியையும் வைத்து இளஞ்சிவப்பாகக் காய்ச்சுவதும் உண்டு. ருபார்ப் ஏற்கெனவே புளிப்பின் உச்சம் என்பதால் சர்க்கரை 150 கிராம் வரை போகும். சிலர் சாற்றில் பாதிக்குச் சிவப்பு வைன் ஊற்றுகிறார்கள். அது பெரியவர்கள் மட்டும் உட்காரும் மேசைக்கு.

பரிமாறுதல், மிச்சம்

ஆழமான தட்டில், நன்றாகக் குளிர்ந்த நிலையில். சாஸை நடுவில் ஊற்றிக் கலக்கிவிடாமல் ஓரத்தில் ஊற்றுங்கள். ஒவ்வொரு வாயிலும் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு வெள்ளை என்பதைச் சாப்பிடுகிறவர் முடிவு செய்யட்டும். இது சாப்பாட்டுக்குப் பிந்தைய இனிப்பு மட்டும் என்றும் எண்ண வேண்டாம். வெயில் கொளுத்தும் மதியங்களில் இதையே சாப்பாடாக வைத்துக்கொண்ட குடும்பங்கள் அங்கே உண்டு, நாம் பழையதும் மோருமாக முடித்துக்கொள்வதுபோல.

மூடிவைத்தால் குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். உறையவைக்காதீர்கள், இளகும்போது ஸ்டார்ச் தண்ணீரைக் கக்கி, கூழ் பஞ்சுபோல் பிரிந்துவிடும். இரண்டாம் நாள் ஓரங்களில் கொஞ்சம் நீர் விட்டிருந்தால் ஒரு முறை கிளறினால் சேர்ந்துகொள்ளும். வெனிலாச் சாஸ் தீர்ந்துபோயிருந்தால் மிச்சக் கூழைக் கெட்டித் தயிரின் மேல் போட்டுக் காலையில் சாப்பிடலாம்.